அழைப்பிதழில் விட்டுப்போன பெயர்

"இனிமே மின்வெட்டே கிடையாது!" என்று முழங்கிவிட்டு அமைச்சர் பொத்தானை அமுக்கினார். புதுக் காற்றாலை அசையவில்லை. பந்தலில் தோரணம்கூட ஆடவில்லை.

"எவன்யா இதுக்குப் பொறுப்பு?"

பொறியாளர்கள் பின்னால் நகர்ந்துகொள்ள, ஒப்பந்த ஊழியன் ஆவுடைமுத்து மட்டும் முன்னால் மாட்டிக்கொண்டான். போன மாதம் மைக் இரைந்ததற்கே ஒருவனுக்கு வேலை போயிருந்தது.

"ஏன்டா காத்து வரலை? அஞ்சு நிமிஷத்துல சுத்தலைன்னா உனக்கு வேலை கிடையாது."

ஆவுடைமுத்து கையிலிருந்த விழா அழைப்பிதழைப் பார்த்தான்.

"ஐயா, போன வாரம் சோலார் விழா அழைப்பிதழ்ல பேர் போடலைன்னு நீங்க வரலை. இதுல நாப்பத்திரண்டு பேர் பேரு இருக்கு. காத்தோட பேரு மட்டும் இல்லைங்கய்யா."

பந்தலே சிரித்தது. சிரிக்காதவர்கள் இரண்டே பேர்: அமைச்சரும் ஆவுடைமுத்துவும்.