பார்த்துச் சொன்ன பரீட்சை

கடலோரத்து நாடு ஒன்றில், முன்னொரு காலத்தில், மருதப்பன் என்றொரு விகடகவி இருந்தான். அவன் தலையைக் கண்டதுமே அரண்மனை சிரிக்கத் தயாராகிவிடும். அவன் சுகமா என்று கேட்கத்தான் ஆளில்லை. மாலையானால் துறைமுகத்துக்குப் போவான். கப்பல் உடைந்து கரையொதுங்கிய லின் என்ற சீனர் அங்கே இருந்தார். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. கடலையைக் கொறித்தபடி இருவரும் அலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஒரு மனிதர்தான் அவனிடம் வேடிக்கையை எதிர்பார்க்காதவர்.

அரசருக்குச் சீனத்துக்குத் தூது அனுப்பும் ஆசை பிறந்தது. அமைச்சர் வித்தகராயர் பத்து மாணவர்களுக்கு ஏட்டைப் பார்த்துச் சீனமொழி கற்பித்திருந்தார். மருதப்பன்மேல் அவருக்கு நெடுநாள் பொறாமை.

"மன்னா, மருதப்பனே இவர்களைச் சோதிக்கட்டும். தவறாகச் சொன்னால் அவன் நாட்டைவிட்டுப் போகட்டும்."

"நல்ல வேடிக்கை! மருதப்பா, இவர்களுக்குச் சீனம் பேச வருகிறதா என்று நாளைக்குப் பார்த்துச் சொல்," என்றார் அரசர்.

மறுநாள் மருதப்பன் லின்னோடு சபைக்கு வந்தான். "இவருக்கு என்ன வேண்டும்? ஒவ்வொருவராகக் கேட்டுச் சொல்லுங்கள்," என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டு, லின்னின் முகத்தையே பார்த்து நின்றான்.

முதல் மாணவன் செய்யுளை மடமடவென ஒப்பித்தான். அடுத்தவன் வினைச்சொற்களை அடுக்கினான். ஒன்பது பேர் முடித்தும் லின் விழித்தபடியே இருந்தார். கடைசியில், மக்கு என்று வித்தகராயர் ஒதுக்கிய நல்லக்கண்ணு வந்தான். திக்கினான், கையை ஆட்டினான், புரியாததைத் திரும்பத் திரும்பக் கேட்டான். லின்னின் முகம் மலர்ந்தது. பிறகு கண் கலங்கியது.

"ஊருக்குப் போகணுமாம். மகள் பிறந்த மூணாம் நாளே கப்பலேறிட்டாராம்."

இத்தனை மாதம் பக்கத்தில் உட்கார்ந்தும் தனக்கு இது தெரியாமல் போயிற்றே என்று மருதப்பனுக்கு நெஞ்சு கனத்தது.

"மன்னா, ஒருவனுக்கு மட்டும் வருகிறது."

"உனக்கே சீனம் தெரியாதே!" என்று சீறினார் வித்தகராயர்.

"கேட்டுச் சொல்லும்படி ஆணையில்லையே, ஐயா! பார்த்துச் சொல்லும்படிதான் ஆணை. இவர் முகத்தைப் பார்த்தேன், சொன்னேன்."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லக்கண்ணுவே தூதன்! மருதப்பா, உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

"தூதுக் கப்பலில் லின்னுக்கு ஓர் இடம், மன்னா."

கப்பல் புறப்படும் நாளில் லின் மருதப்பன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"உங்களையும் கூட வரச் சொல்றாரு அண்ணே," என்றான் நல்லக்கண்ணு.

"நான் வந்துட்டா வித்தகராயருக்குப் பொறாமைப்பட ஆள் வேணாமா?"

வழியனுப்ப வந்திருந்த அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மருதப்பனும் சிரித்தான். பாய் கண்ணுக்கு மறையும்வரை நின்றுவிட்டு, தனியே திரும்பி நடந்தான்.