கனவில் வந்த நிறம்

கனவுக்கு நிறம் உண்டா என்பது பற்றி இலக்கண நூல்கள் வாய் திறப்பதில்லை. ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் சபாநடேசன் உண்டு என்றார். புதுப்பித்த மாம்பலம் வீட்டின் கூடத்துக்கு, விடியற்காலைக் கனவில் தாம் கண்ட நிறத்தைத்தான் பூச வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

"மழைக்கு முந்தின வானமும் மயில் கழுத்தும் ஒரே குளத்துல முங்கி எழுந்த மாதிரி இருந்தது. புரியுதா?"

"மல்லிகை வெள்ளை அடிச்சாப் போதும். இருட்டுக் கூடம், கொஞ்சம் வெளிச்சமாவது வரும்" என்றார் மனைவி விசாலம்.

"உனக்கு ரசனை கிடையாது."

பெயிண்டர் எத்திராஜ் கலந்து காட்டிய நிறம் ஒவ்வொன்றையும் சபாநடேசன் தள்ளினார். கடைசியில், "நாளைக்கு அந்த நிறம் சுவத்துல இல்லைன்னா வேற ஆளை வச்சுக்குவேன். மாடி வேலையும் உனக்கில்லை" என்றார்.

மறுநாள் கூடம் நிலவில் நனைந்ததுபோல் வெளுத்துக் கிடந்தது.

"என்னய்யா இது, வெறும் வெள்ளை!"

"சார், கனவுல அந்தக் கலரைப் பார்த்தப்போ கண்ணைத் திறந்தா வச்சிருந்தீங்க?"

"தூங்கறவன் எவன்யா கண்ணைத் திறந்து வைப்பான்?"

"அப்ப இதை மட்டும் ஏன் சார் திறந்துக்கினு தேடுறீங்க? மூடிப் பாருங்க. ரசனை உள்ளவங்களுக்கு உடனே தெரியும்."

விசாலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தெரியவில்லை என்று சொல்ல இனி வழியில்லை. சபாநடேசன் சாய்வு நாற்காலியில் சரிந்து கண்களை மூடினார். மின்விசிறி சோம்பலாகச் சுழன்றது. திரைச்சீலை மெல்ல மூச்சுவிட்டது. அவர் முகம் இளகியது.

"அதேதான்" என்று முணுமுணுத்தார். "ஓரத்துல மட்டும் பச்சை கொஞ்சம் தூக்கல்."

"காய்ஞ்சா அடங்கிடும் சார்."