வாய் திறவாமல் காட்டிய லூனா

முன்னொரு காலத்தில், பருவக்காற்று கொண்டுவந்து சேர்த்த கப்பலிலிருந்து யவனன் ஒருவன் அரசன் திருக்கண்டனின் சபைக்கு வந்தான். நிலவுக்கு இலத்தீன் மொழியில் லூனா என்று பெயர் என்றான். அந்த ஒரு சொல்லுக்குள் மாதமும் இருக்கிறதாம். இரசவாதிகள் வெள்ளியை அப்படித்தான் அழைப்பார்களாம். யவனர்கள் வணங்கும் தேவிக்கும் அதுவே பெயர். பித்துப் பிடித்தவனையும் அந்தச் சொல்லை வைத்தே குறிப்பார்களாம்.

இத்தனையும் சேர்ந்திருக்கும் காட்சியை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அரசனைப் பற்றிக்கொண்டது. சபையின் விகடன் வேம்பனைப் பார்த்து, காட்டு என்றான்.

மந்திரி பேரரையருக்கு வேம்பனைக் கண்டாலே ஆகாது. "அரசே, இவன் பேசியே ஊரை விற்றுவிடுவான். ஒரு வார்த்தையும் பேசாமல் காட்டட்டும். அமாவாசை கழிந்து புதுமாதம் பிறந்தும் முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றார். அரசனும் சம்மதித்தான்.

வேம்பன் வணங்கி வெளியே வந்தான். இத்தனை காலம் தன் நாக்கின் பின்னால் ஒளிந்து வாழ்ந்தவன். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுபவன் யார் என்று அவனுக்கே தெரியவில்லை. பேச்சை விட்ட பிறகுதான் மனிதர்களைக் கவனிக்கத் தொடங்கினான். எதன்முன் கைகூப்புகிறார்கள், வேண்டிக்கொள்ளும்போது அவர்கள் முகம் எப்படிக் குழந்தைமுகம் ஆகிறது என்று பார்த்தான்.

அமாவாசை கழிந்தது. ஒருநாள் சூரியன் மறைந்ததும் அவன் அரசனை வணங்கிவிட்டு மேல்மாடப் படிகளில் ஏறினான். சபை முழுவதும் பின்தொடர்ந்தது.

மேற்கே கீற்றாக மூன்றாம் பிறை. கைகள் குவிந்தன. பிறை கண்டதும் உடுத்திய துணியில் ஒரு நூலைப் பிரித்து, அதைப் பிறைக்குக் காட்டிப் புதுத்துணி வேண்டுவது அந்நாட்டு வழக்கம். அரசன் தன் பட்டில் ஒரு நூல் பிரித்து நீட்டினான். பிறகு, பார்வை வேறெதிலும் படுமுன், ஏவலாள் ஏந்திய வெள்ளித்தட்டைப் பார்த்தான். அதுவும் வழக்கம்தான்.

வேம்பன் அசையாமல் நின்றான். இந்த வழக்கம் எதையும் அறியாத யவனன்தான் முணுமுணுத்தான்: "நிலவு. பிறந்திருக்கும் மாதம். தேவியைப்போல் வணங்குகிறார்கள். வெள்ளி." பிறகு அரசனிடம் திரும்பினான். "சொல்லாக மட்டும் கேட்டு வளர்ந்தேன். இங்கே பார்க்கிறேன்."

பேரரையர் சிரித்தார். "பித்து எங்கே, வேம்பா? அதை விட்டுவிட்டாயே. மூட்டையைக் கட்டு."

வேம்பன் மந்திரியின் கையைப் பார்த்தான். சரிகை உத்தரீயத்தில் பிரித்த நூல் அவர் விரலிடுக்கில் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு அரசனின் கையைப் பார்த்தான். அரசனும் தன் கையைப் பார்த்தான்.

"கருவூலத்தில் பட்டு மலைபோல் கிடக்கிறது. நான் வானத்திடம் துணி கேட்டு நிற்கிறேன். இதைவிடப் பித்து வேறென்ன?" என்றான்.

அரசன் சிரிக்கத் தொடங்கினான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். "அடுத்த பிறைக்கும் கேட்பேன், பேரரையரே. நீரும் கேட்பீர்."

தோளிலிருந்த பட்டை எடுத்து வேம்பனுக்குப் போர்த்தினான். "நான் கேட்டேன், உனக்குக் கிடைத்திருக்கிறது. இனி நீ பேசலாம்."

வேம்பன் நூல் பிரிந்த இடத்தை விரலால் தடவியபடி மேற்கே பார்த்தான். பிறை மறைந்துவிட்டிருந்தது. யாருக்கும் கீழே இறங்க மனம் வரவில்லை.