பேச்சிக்கனி கேட்ட குரூப்

பெருமை பேசுவதென்றால் தலைமை ஆசிரியர் கோதண்டபாணிக்குச் சோறு தண்ணி வேண்டாம். பிளஸ் ஒன் சேர்க்கையைப் பார்க்கக் கல்வி அதிகாரி வந்த அன்று, பத்தாம் வகுப்பு அறிவியலில் முதலாவதாக வந்த பேச்சிக்கனியைக் கூப்பிட்டு அவர் முன்னால் நிறுத்தினார்.

"எங்க பிள்ளைங்க எல்லாம் அறிவியல் குரூப்தான் கேப்பாங்க ஐயா. சொல்லும்மா!"

"எனக்கு வரலாறு குரூப் குடுங்க சார்."

கோதண்டபாணிக்கு முகம் சிவந்துவிட்டது. "கூறுகெட்ட பிள்ளை! ஒரே ஒரு காரணம் சொல்லு. ஐயா ஒத்துக்கிட்டா இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

"நம்ம பள்ளிக்கூடத்துல இயற்பியலுக்கு வாத்தியாரே கிடையாது. வரலாறு தவசி சார்தானே அதையும் நடத்துறாங்க? எந்த குரூப்புல சேர்ந்தாலும் அவங்கதான். அவங்களுக்குத் தெரிஞ்ச பாடத்தையே படிச்சுக்கிடுறேன் சார்."

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். கோதண்டபாணி தலையைத் தொங்கப்போட்டபடி கையெழுத்துப் போட்டார்.

"கெட்டிக்காரி!" என்று அவளைத் தட்டிக்கொடுத்துவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார். இயற்பியலுக்கு வாத்தியார் போடுகிறேன் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

ஜீப் தெருமுனை திரும்புகிறவரை பேச்சிக்கனி பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் சொல்லாமல் போன அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் அவ்வளவும் பேசியது.