முதலாளி கழற்றிய முதல் போல்ட்

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி தெய்வசிகாமணிக்கு வாய் கொஞ்சம் நீளம். தன் ஸ்போர்ட்ஸ் காருக்கு வேகம் கூட்டும் டர்போ மாட்ட மெக்கானிக் மாரப்பனை வீட்டுக்கே வரவழைத்தார். போர்டிகோவில் புது வெள்ளை மார்பிள். வேடிக்கை பார்க்கக் கிளப் நண்பர்கள்.

"தரையில ஒரு சொட்டு ஆயில் சிந்தக்கூடாது. சிந்தினா, சிந்தினவன் உடுத்தியிருக்கிற துணியாலேயே துடைக்கணும்!" என்று மாரப்பனிடம் உத்தரவு போட்டார்.

ஆயில் சிந்தாமல் எவன் டர்போ மாட்டுவான்? நண்பர்கள் சிரித்தார்கள். மாரப்பன் அசரவில்லை.

"ஆகட்டுங்கய்யா. முதல்ல பழைய ஆயிலை வடிக்கணும். உங்க கைராசியைத்தான் ஊரே பேசுது. முதல் போல்ட்டை நீங்களே கழட்டி ஆரம்பிச்சு வைங்க."

முதலாளிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஜாக்கியில் நின்ற காருக்கு அடியில் ஸ்பேனரோடு கையை விட்டார்.

"ஆயில் பிடிக்கிற தட்டை அடியில வெச்சுக்கங்கய்யா," என்றான் மாரப்பன்.

"எனக்கே சொல்லித் தர்றியா?"

தட்டைத் தள்ளிவிட்டுப் போல்ட்டைத் திருகி உருவினார். கறுப்பு ஆயில் குபுகுபுவென்று கொட்டி, மார்பிளில் பரவி, அவர் வேட்டியை முழங்கால்வரை நனைத்தது.

மாரப்பன் நிதானமாகத் தட்டை நகர்த்தி மிச்ச ஆயிலைப் பிடித்தான்.

"வேட்டி ஊறிப்போச்சுங்கய்யா, அதுல துடைக்க முடியாது," என்றான் பணிவாக. "சட்டையைக் கழட்டுங்க."