ஒரு எட்டு கூடுதல்

"கோட்டு மேல எவனும் ஓட மாட்டான்..."

இதற்குப் பிறகும் எப்சிபா மேடம் ஏதோ சொன்னார். நயினாருக்கு அது நினைவில்லை.

இருபத்தாறு வருடத்துக்கு முன்பு, உடற்கல்விக் கல்லூரியின் பிரிவு உபசார விழா. படிப்பு முடித்துப் போகிறவர்களுக்காக, அப்போது துறைத்தலைவராக இருந்த மேடம் பேசினார். முதல் வரி முடிந்ததுமே பையன்கள் கைதட்டிவிட்டார்கள். மீதி அந்தச் சத்தத்தில் போய்விட்டது.

அந்த அரை வரியை வைத்துக்கொண்டே நயினார் பதினெட்டு வருடம் தோஹாவில் காலம் தள்ளினார். அங்கே ஒரு பெரிய பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். ஆண்டு விழா தவறாமல் அந்த வரியைச் சொல்வார். மனிதன் விதிக்குள் அடங்குகிறவன் இல்லை என்று ஒரு வருடம் விளக்கம். ஒவ்வொருவருக்கும் தனிப் பாதை என்று அடுத்த வருடம் விளக்கம்.

இரண்டுக்கும் கைதட்டினார்கள்.

போன ஜூனில் ஊர் திரும்பினார். படித்த கல்லூரியிலேயே துறைத்தலைவர் ஆனார்.

மார்ச் மாதம் ஒரு சாயங்காலம், கையில் ஒரு கடிதத்தோடு மேடம் வீட்டுக்குப் போனார்.

மேடத்துக்கு எழுபத்தொரு வயது. பூப்பந்து மட்டை ஒன்றை மடியில் வைத்து நரம்பு கட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பிள்ளைய ஒரு வருஷம் வெளிய நிறுத்தணும், மேடம்."

"உக்காரு."

நயினார் உட்காரவில்லை.

நின்றபடியே சொன்னார். முப்பிடாதி என்று ஒரு மாணவி. மானூர்ப் பக்கம். செய்முறைத் தேர்வில் பெண்கள் நானூறு மீட்டரை எழுபது விநாடிக்குள் ஓட வேண்டும். அவள் எழுபது புள்ளி இரண்டில் வந்தாள். தேறவில்லை. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மூச்சு வாங்கியபடி எல்லார் முன்னாலும் வந்து நின்று, மைதானம் நீளமாக இருக்கிறது என்றாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, தான் ஒவ்வொரு எட்டையும் எண்ணி ஓடுகிறவள் என்றாள். அவளுக்கு நானூறு மீட்டர் என்றால் இருநூற்று முப்பத்தாறு எட்டு. பள்ளிக்கூடத்திலிருந்து அதுதான் கணக்கு. இங்கே இருநூற்று முப்பத்தேழு வருகிறதாம்.

"நீ என்ன சொன்ன?"

நயினார் கொஞ்சம் தயங்கினார்.

"ஒரு எட்டு கூட வருதுன்னா, ஒரு எட்டு வீட்டுக்குப் போய்ட்டு வா, சரியாயிரும்னேன்."

"பிள்ளைக சிரிச்சிருக்குமே."

"சிரிச்சாங்க."

"அவ?"

அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். விடுப்புக் கேட்கவில்லை. சொல்லிக்கொள்ளவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறி மானூருக்குப் போய், படித்த பள்ளி மைதானத்தில் ஓடி, எட்டு எண்ணிக்கொண்டு திரும்பி வந்தாள். வந்ததும் முதல்வரிடம் ஒரு மனு கொடுத்தாள். துறைத்தலைவர் போகச் சொன்னதால் போனேன், அங்கே இருநூற்று முப்பத்தாறுதான் வந்தது என்று அதில் எழுதியிருந்தாள். கடைசி வரியில், நான் சிரிப்புக்கு ஆள் இல்லை என்று ஒரு வாக்கியம்.

அந்த வரியைச் சொல்லும்போது நயினாருக்குக் குரல் ஏறியது. இருபத்திரண்டு வயசுப் பிள்ளை. யாரிடம் எழுதுகிறோம், என்ன எழுதுகிறோம் என்று இல்லை. ஓட முடியாவிட்டால் காலைக் குறை சொல்ல வேண்டும். இது மைதானத்தைக் குறை சொல்கிறது.

"தேறலைன்னா அவளுக்கு என்ன ஆகும்?"

கடையநல்லூரில் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர் வேலை சொல்லி வைத்திருக்கிறார்களாம். ஜூன் ஒன்றாம் தேதி சான்றிதழோடு போய் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

"அதுக்காக பத்துல ரெண்டு பங்கு விநாடிய நான் எங்கருந்து கொண்டாந்து குடுக்க?" என்றார் நயினார்.

மேடம் நரம்பை இழுத்து முடிச்சுப் போட்டார்.

நயினார் கடிதத்தை நீட்டினார். ஓடுதளம் முறையான அளவில் உள்ளது, மாணவியின் புகார் அவதூறு, அவளை ஓராண்டு நீக்கலாம் என்று தட்டச்சு செய்திருந்தது. கீழே மேடத்தின் பெயர். பெயருக்கு மேல் கையெழுத்துக்கு இடம். முதல்வரே சொன்னாராம், எப்சிபா மேடம் பார்த்துச் சொன்னால் மேற்கொண்டு பேச்சில்லை என்று.

"அளந்தியா?"

"அளக்காம இருப்பேனா மேடம்? சொன்னா நீங்க வருத்தப்படக் கூடாது."

"சொல்லு."

ஜூனில் வந்த முதல் வாரமே தோஹாவிலிருந்து கொண்டுவந்த அளவுச் சக்கரத்தை உள்கோட்டின் மேல் உருட்டிப் பார்த்தாராம். பழைய ஓடுதளம் நானூறு இல்லை. ஏறக்குறைய இரண்டு மீட்டர் குறைந்தது. மேடம் காலத்திலிருந்து அப்படியே கிடந்திருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. மைதானத்தில் கோடு போடும் மார்க்கர் சுடலையாண்டி, வளைவின் ஆரம் முப்பத்தேழு மீட்டர் தொண்ணூறு என்று பழைய அளவையே பிடித்துக்கொண்டு நின்றாராம். எப்சிபா மேடம் கொடுத்த அளவு சார் என்றாராம். நயினார் அவரைச் சத்தம் போட்டு, முப்பத்தெட்டு மீட்டர் இருபதாக மாற்றினார்.

"இப்ப உருட்டினா டாண்ணு நானூறு காட்டுது. உங்க மேல தப்புன்னு சொல்ல வரல மேடம். அந்தக் காலத்துல கருவி கிடையாது."

மேடம் மட்டையைக் கீழே வைத்தார்.

"கோடு போடற பாடம் இப்ப எத்தனை மணி நேரம்?"

"எடுத்துட்டோம் மேடம். அது மார்க்கர் வேலைதானே. அந்த இடத்துல விளையாட்டு மேலாண்மைன்னு ஒரு பாடம் வச்சிருக்கோம். பிள்ளைக விரும்பி வருதுக."

மேடம் எழுந்தார். செருப்பைத் தேடிப் போட்டார்.

"வா, ஒரு எட்டு கிரவுண்டுக்குப் போய்ட்டு வருவோம்."

"கையெழுத்துதான் மேடம் கேட்டேன்."

மேடம் அதற்குள் கேட்டைத் திறந்துவிட்டார்.

மைதானத்தில் யாரும் இல்லை. வேப்பங்கன்றுகளுக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் ஓரமாகக் கிடந்தது. மேடம் அதை இழுத்து வந்து, வளைவில் முதல் லேனுக்குத் தண்ணீர் காட்ட ஆரம்பித்தார்.

நயினார் தான் பிடிப்பதாகச் சொன்னார். மேடம் கொடுக்கவில்லை.

முழு வளைவும் நனைய அரை மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் நயினார் பேசிக்கொண்டே இருந்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தோற்கத் தெரியவில்லை என்றார். மனு எழுதுகிற கைக்கு ஓடுகிற கால் இல்லை என்றார். தன் காலத்தில் மேடம் முறைத்தால் போதும், மைதானமே நடுங்கும் என்றார். மேடம் தண்ணீர் பிடித்தார்.

குழாயை மூடிவிட்டு வந்து சொன்னார்.

"ஷூவக் கழட்டு."

"எதுக்கு மேடம்?"

"ஓடு."

"நானா?"

"பரீட்சை வைக்கிறவனுக்கு ஓடத் தெரியணும்ல. இந்த ஒரு வளைவு போதும். முதல் லேன்."

நயினாருக்கு நாற்பத்தெட்டு வயது. தொப்பை இருந்தது. கோபமும் இருந்தது. பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு ஓடினார். ஈர மண்ணில் கால் சளக் சளக்கென்று பதிந்தது. வளைவு முடிந்து நிமிர்ந்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

மேடம் ஆரம்பக் கோட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். நயினார் மெல்ல நடந்து திரும்பி வந்தார்.

"உன் சக்கரம் எங்க?"

துறை அறையிலிருந்து எடுத்து வந்தார்.

"கோட்டு மேல உருட்டு."

உருட்டினார். வளைவின் முடிவில் நின்று எண்ணைப் பார்த்தார். நூற்று இருபது மீட்டர். அதை அங்கிருந்தே சத்தமாகச் சொன்னார். குரலில் பழைய தெம்பு வந்திருந்தது.

"சரி. வா."

வந்தார்.

"இப்ப உன் கால் மேல உருட்டு."

நயினார் குனிந்து பார்த்தார்.

கோடு ஒரு பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. கால்தடங்கள் அதை விட்டுத் தள்ளி, கோட்டோடு கோடாக வளைந்து போயின. ஒரு தடம்கூடக் கோட்டைத் தொடவில்லை.

"ஏன் கோட்டு மேல ஓடல நீ?"

"கோட்டை மிதிச்சா அவுட் ஆச்சே, மேடம்."

"யாரு சொன்னா?"

"நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க."

மேடம் விரலால் கால்தடத்தைக் காட்டினார்.

நயினார் சக்கரத்தைத் தன் கால்தடத்தின் மேல் வைத்தார். மெதுவாக உருட்டினார். இந்த முறை வளைவு முடிந்த இடத்தில் குனிந்து பார்த்தார். எண்ணைச் சத்தமாகச் சொல்லவில்லை.

நூற்று இருபத்தொன்றுக்கு ஐந்து சென்டிமீட்டர்தான் குறைந்தது.

ஒரு வளைவுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர். மைதானத்துக்கு இரண்டு வளைவு.

அந்தப் பெண்ணின் ஒரு எட்டு.

திரும்பி வந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. தன்மேல் வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேடத்தின் மேல் வைத்தார்.

"பழைய அளவுல ஒரு அடி குறைச்சு வச்சதத் தெரிஞ்சேதான் செஞ்சிருக்கீங்க. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. ஒரு நோட்டுல எழுதி வைக்கல. சுடலையாண்டிக்கும் காரணம் தெரியல, அளவு மட்டும்தான் தெரியுது. எனக்காவது சொல்லியிருக்கலாம்ல மேடம்?"

"சொன்னேனே."

"எப்ப?"

"நீங்க போற அன்னிக்கு. விழாவுல."

நயினார் விழித்தார்.

"கோட்டு மேல எவனும் ஓட மாட்டான், ஒரு அடி தள்ளித்தான் ஓடுவான், அந்த ஒரு அடியக் கழிச்சுட்டுக் கோடு போடுங்கலேன்னேன். நாளைக்கு ஆளுக்கு ஒரு பள்ளிக்கூடத்துல போய் மைதானம் வரைவீங்களேன்னுதான் அவ்வளவு பேர் முன்னால சொன்னேன்." மேடம் குழாயைச் சுருட்ட ஆரம்பித்தார். "பாதியிலயே கைதட்டிட்டீங்க."

நயினார் ஈரக் காலோடு நின்றார்.

"அந்தப் பிள்ளையவும் பாதியிலயே சிரிச்சிருக்க."

மேடம் குழாயை வேப்பங்கன்றுப் பக்கம் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். கடிதம் நயினாரின் சட்டைப்பையில் இருந்தது.

மறுநாள் காலை, முப்பிடாதியைப் பார்த்து எல்லாரும் சிரித்த அதே மைதானத்தின் அறிவிப்புப் பலகையில் அந்தக் கடிதம் திருப்பி ஒட்டப்பட்டிருந்தது. பின்பக்கத்தில் நயினார் கையால் எழுதியிருந்தார்: மைதானம் ஒரு எட்டு நீளம். முப்பிடாதி சொன்னது சரி, அந்த எட்டைக் கழித்தால் எழுபது விநாடிக்குள் வருகிறாள், அவள் தேறிவிட்டாள். கோடு தப்பு, போடச் சொன்னவன் நான். இன்று மாலை நான்கு மணிக்குக் கோட்டை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுகிறோம். வகுப்பு முழுவதும் வர வேண்டும். சுடலையாண்டி பாடம் எடுப்பார்.