மூங்கிலுக்குள் கிடந்த குரல்

அந்தக் காலத்தில் பறப்பதும் நடப்பதும் ஊர்வதும் எல்லாமே பேசும். ஆனால் எந்தக் குரலில் பேசுவது என்பது அதனதன் இஷ்டம் இல்லை. குரல்களெல்லாம் காற்றுக்குச் சொந்தம். காற்று யாருக்கு எதைக் கொடுத்ததோ, அவர்கள் அதில்தான் வாயைத் திறக்க வேண்டும். இன்றைக்கு அலைக்கற்றையைப் பங்கு போட்டுக்கொண்டு மல்லுக்கட்டுகிறோமே, அந்தக் கூத்து மோயாற்றங்கரைக் காட்டில் அப்போதே நடந்து முடிந்துவிட்டது.

குரல்களில் இரண்டு விதம் இருந்தன. மெல்லிய உச்சக் குரலில் கதை கதையாகப் பேசலாம், ஆனால் நாலு புதர் தாண்டுவதற்குள் அது ஓய்ந்துவிடும். தணிந்த குரலில் அவ்வளவெல்லாம் பேச முடியாது. ஆனால் அது அடர்ந்த புதருக்குள் புகுந்து போகும், பாறையைச் சுற்றிக்கொண்டு போகும், மேடேறி மறுபக்கமும் இறங்கும். பங்கு பிரித்த அன்று யானை முதல் ஆளாக வந்து நின்றது.

"தணிஞ்ச குரல் அத்தனையும் என்றகிட்டக் குடுங்க காத்தம்மா. காட்டுல கடைசிப் புதர் வரைக்கும் சேதி போய்ச் சேர்றதுக்கு நானாச்சு" என்றது.

அந்த உடம்பைப் பார்த்துக் காற்றும் நம்பிவிட்டது. யானை அதில் ஆக அடியில் இருந்த ஒரே ஒரு குரலை எடுத்துத் தன் கூட்டத்தைக் கூப்பிட வைத்துக்கொண்டது. மீதியை மூங்கில் கணுக்களுக்குள் விட்டுச் சேறு பூசி அடைத்தது. பேரன் பேத்திகளுக்கு ஆகுமாம். கடைசிப் புதர் அதற்கு நினைவிலேயே இல்லை.

மற்றவர்கள் பாடு திண்டாட்டம். கிளி, அணில், கொண்டைக்குருவி, சில்வண்டு என்று அத்தனை பேரும் மெல்லிய குரல்களில் நெருக்கியடித்துக்கொண்டார்கள். ஒருவர் கூப்பிட்டால் ஒன்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். காட்டின் நடுவில் இருந்த மேட்டுக்கு அந்தப் பக்கம், பள்ளக்காட்டுக்கோ ஒரு சேதியும் போகாது. நாம் சிக்னல் இல்லை என்று சலித்துக்கொள்வதுபோல, "எங்க பக்கம் குரல் எட்டாதுங்க" என்று சொல்லிவிட்டுப் பள்ளக்காட்டுக்காரர்கள் தங்கள் பாட்டுக்கு இருந்தார்கள்.

மேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு செம்போத்து இருந்தாள். கனத்த உடம்பு, பறந்தால் யாரோ மூட்டையைத் தூக்கிப் போட்டதுபோல அடுத்த புதரில் போய் விழுவாள். அதனால் பெரும்பாலும் நடைதான். நடை மெதுவானாலும் பேச்சில் தயக்கம் கிடையாது. மனதில் பட்டதை யார் முன்னாலும் சொல்லிவிடுவாள்.

அவளுடைய தங்கை பள்ளக்காட்டில் ஆற்று வளைவு நாணலுக்குள் கூடு கட்டியிருந்தாள். போன மழைக்கு மேல்மலையில் கொட்டியதும் ஆறு பெருகி வந்தது. உயரத்திலிருந்து அதைப் பார்த்த அக்கா தொண்டை கிழியக் கத்தினாள். அந்த மெல்லிய குரல் மேட்டில் முட்டி அங்கேயே நின்றுவிட்டது. தங்கையின் முட்டைகள் அத்தனையும் தண்ணீரோடு போயின. அந்தத் துக்கம் அக்காவைவிட்டுப் போகவே இல்லை. இந்த வருஷம் தங்கை மறுபடியும் குஞ்சு பொரித்திருந்தாள். மேல்மலையில் மறுபடியும் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

செம்போத்து நேராக யானையிடம் நடந்தாள்.

"ஏனுங்க யானையண்ணா, மேல்மலைல மழை எறங்கிருச்சு. தங்கச்சிக்குச் சேதி சொல்லோணும். நீங்க சும்மா வெச்சிருக்கற குரல்ல ஒண்ணு குடுங்க."

யானை காதை ஆட்டிக்கொண்டே கரும்புல்லைத் தின்றது. "சும்மாவா வெச்சிருக்கேன்? பத்திரமா வெச்சிருக்கேன் அம்மிணி."

"அப்ப அதுல ஒண்ணை எடுத்து நீங்களே ஒரு சத்தம் போடுங்க. பள்ளக்காட்டுக்கும் சேத்தித்தானுங்களே அன்னிக்கு வாங்கினீங்க?"

"ஆகட்டும், பாக்கலாம். இப்ப என்ன அவசரம்?"

தண்ணீர் இவரைக் கேட்டுக்கொண்டா வரும்? நடந்தே போய்ச் சொல்லலாம் என்றால், அவள் மேடேறுவதற்குள் ஆறு வளைவைக் கடந்துவிடும். அவள் அதற்குமேல் கெஞ்சவில்லை. மூங்கில் புதருக்குப் போனாள். சேறு பூசிய கணு ஒன்றைப் பார்த்து, ஒளிவு மறைவு இல்லாமல், யானை பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொத்தினாள். சேறு பெயர்ந்தது. உள்ளே அடைந்து கிடந்த குரல் அவள் தொண்டையில் இறங்கியது.

"ஊப், ஊப், ஊப்."

ஆறு வருது, மேலே ஏறு என்று அவள் சொல்ல நினைத்தது அப்படித்தான் வந்தது. அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. அந்தக் குரல் புதர்களுக்குள் புகுந்து மேட்டில் ஏறிற்று. மேட்டுச்சியில் வேறொரு செம்போத்து இருந்தான், முன்பின் தெரியாதவன். குரல் என்ன சோறா, ஒருத்தி எடுத்தால் இன்னொருவனுக்குக் குறைய? கேட்ட மாத்திரத்தில் அவன் தொண்டைக்கும் அது வந்துவிட்டது. என்ன சேதி, யாருக்கு என்றெல்லாம் விசாரிக்காமல் அவனும் பள்ளத்தைப் பார்த்து ஊப் ஊப் என்றான். அதற்கப்பால் வேலங்காட்டில் இன்னொருத்தி எடுத்தாள். குரல் கை மாறிக்கொண்டே கீழே போயிற்று. அதற்கப்பால் என்ன ஆயிற்று என்று இங்கே தெரியவில்லை.

அதற்குள் யானை பிளிறிக்கொண்டு வந்து நின்றது. காற்றும் என்னவோ ஏதோவென்று ஓடி வந்தது.

"பட்டப்பகல்ல திருட்டு, காத்தம்மா. ஆளாளுக்குத் தணிஞ்ச குரல்ல கத்துனா, என்ற சத்தம் என்ற கூட்டத்துக்கு எப்படிக் கேக்கும்? குட்டிக காட்டுல தொலைஞ்சு போயிருமே."

அந்தப் பயம் பொய்யில்லை. யானையின் குரல் நடுங்கியது. செம்போத்து அதைக் கவனித்தாள்.

"குட்டிக தொலைய வேண்டாமுங்க" என்றாள். "நீங்க உங்க கூட்டத்தைக் கூப்பிடறது எல்லாத்துக்கும் அடியில இருக்கற குரலு. எங்க காதுல அது விழறதே இல்லை. அதை நீங்களே வெச்சுக்கங்க, அந்தப் பக்கம் யாரும் வர மாட்டோம். மூங்கிலுக்குள்ள கெடக்கறதைத்தான் கேக்கறேன். நீங்க பேசாத குரலை நாங்க பேசுனா உங்களுக்கு எங்கிருந்து இடைஞ்சல் வரும்?"

காற்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. "நியாயமாத்தான் தோணுது அம்மிணி. ஆனா அந்தக் குரல் நெசமாவே பள்ளக்காடு வரைக்கும் போகுமா? போகலீன்னா, குடுத்ததைத் திருப்பிப் புடுங்குன பழி எனக்கு."

"போகும்" என்றாள் செம்போத்து.

கீழே ஆறு இரைந்துகொண்டு போனது. செம்போத்து மேட்டைப் பார்த்து மறுபடியும் ஊப் ஊப் என்றாள். பதில் இல்லை. யானை வாயைத் திறக்கப் போனது. காற்று அதைச் சும்மா இருக்கச் சொன்னது. செம்போத்து இன்னொரு முறை கூப்பிட்டாள். போகும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் போன வருஷத்து முட்டைகள் கண்ணுக்குள் வந்து நின்றன, கால் விரல்கள் கிளையை இறுக்கிக்கொண்டன.

அப்போது வேலங்காட்டுப் பக்கம் ஏதோ லேசாகக் கேட்டது. மேட்டுச்சிக்காரன் அதை வாங்கி இந்தப் பக்கம் விட்டான். தங்கையின் பதில். குஞ்சுகளுக்கு இன்னும் இறக்கை முளைத்திருக்கவில்லை. ஆனாலும் முதல் சத்தம் கேட்டதுமே அவற்றை நாணலிலிருந்து இறக்கி, தொற்றித் தொற்றிக் கரைமேட்டுக்கு ஏற்றிவிட்டிருந்தாள். கூடு போய்விட்டது, குஞ்சுகள் அத்தனையும் இருக்கின்றன. செம்போத்து எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டாள்.

யானை தலையைத் தொங்கப் போட்டது. பிறகு தானே போய், அடைத்திருந்த மூங்கில்களை ஒவ்வொன்றாக மிதித்து உடைத்தது.

காற்று சொன்னது: "பேசாத குரலை இனிமே யாரும் கட்டி வெச்சுக்கக் கூடாது. தூரம் போற குரலை வாங்கறவங்க, தன் சேதியோட நிக்காம அடுத்தவங்க சேதியையும் அடுத்த புதருக்குச் சேத்தோணும். அதுக்கு ஒத்துக்கறவங்களுக்குத்தான் குரல்."

அதனால்தான் இன்றைக்கும் யானைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது நம் காதில் விழுவதில்லை. அன்று முதல்தான் எங்கோ ஒரு புதருக்குள் செம்போத்து ஊப் ஊப் என்றால், தூரத்தில் இன்னொன்று அதை வாங்கி அடுத்ததற்குக் கொடுக்கிறது. கடைசிப் புதரிலிருந்து பதில் வரும்வரை முதலில் கூப்பிட்டது ஓய்வதே இல்லை.